ரேடியோவில் பேசக் கற்க ஹெலிகாப்டர் எதற்கு?

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஹோவரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். தரைக்கு நாலைந்து அடி மேலே ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது, உருளும் பந்தின் மேல் நின்றுகொண்டு தட்டில் தண்ணீர் ஏந்துவது மாதிரி என்றார்கள். பொய்யில்லை. ஆனால் ஹோவர் எனக்கு 10 மணி நேரத்தில் ஓரளவு கைவந்துவிட்டது. என்னைப் படுத்தியெடுத்தது ரேடியோ. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கைத் திருப்பிப் பார்த்தால், ரேடியோவில் உளறியதற்காகவே மறுபடி பறந்தது மட்டும் 11 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. தனியாகப் பறக்கும் நாள் 3 மாதம் தள்ளிப்போனது. ஹெலிகாப்டரில் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிறு எரியும். எனக்கு இன்னும் எரிகிறது. ஏனென்றால் அந்த 11 மணி நேரத்தில் நான் கற்றதில் பெரும்பகுதியை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே கற்றிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் திமிரைச் சொல்ல வேண்டும். ரேடியோ எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஏ, பி, சி எழுத்துகளுக்குப் பதிலாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று 1956-லிருந்து உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கும் அந்த 26 சொற்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மூன்றை 'டிரீ' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும், ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும், இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பிவிடும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆங்கிலமும் தடையில்லாமல் வரும். அப்புறம் என்ன, ரேடியோ நமக்கு ஒரு விஷயமே இல்லை என்று நினைத்துவிட்டேன். என்னோடு படித்தவர்களில் ஆங்கிலத்துக்குத் தடுமாறிய ஒருவர் எனக்கு முன்னாலேயே தனியாகப் பறந்தார். ரேடியோ ஆங்கிலப் பாடம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் அழைப்பு இப்போதும் நினைவில் இருக்கிறது. சூத்திரம் எளிது. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும். நாலே நாலு. ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது, இடது இருக்கையில் இன்ஸ்ட்ரக்டர். நான் மூச்சை இழுத்து, ஹெலிகாப்டரை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் சைக்ளிக் கைப்பிடியில் ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் டிரிக்கரை அழுத்தி, நாலையும் அழகாக ஒப்பித்தேன். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரிலிருந்து பதிலே இல்லை. மறுபடி ஒப்பித்தேன். இன்ஸ்ட்ரக்டர் சிரித்துக்கொண்டே, "எனக்கு நன்றாகக் கேட்டது, டவருக்கும் சொல்லேன்" என்றார். நாங்கள் பறந்த ஹெலிகாப்டரில் அந்த டிரிக்கருக்கு இரண்டு படி. பாதி அழுத்தினால் பக்கத்து இருக்கைக்கு மட்டும் கேட்கும் இன்டர்காம். முழுதாக அழுத்தினால் வெளியே போகும் ரேடியோ. இது புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது. விரலுக்குத்தான் தெரியவில்லை.

இதன் மறுபக்கம்தான் மானத்தை வாங்கியது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, டவர் வேகமாக ஏதோ நீளமாகச் சொன்னது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பாதி அழுத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டு, பதற்றத்தில் தாய்மொழியிலேயே, "ஐயோ, இந்த மனுஷன் என்ன சொல்றாருன்னே புரியலையே" என்று புலம்பினேன். விரல் முழுதாக அழுத்தியிருந்தது. அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானங்களுக்கும் என் புலம்பல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நொடி நிசப்தம். பிறகு கண்ட்ரோலர் கொஞ்சமும் குரல் மாறாமல், "ஸ்டேஷன் காலிங் டவர், சே அகைன்?" என்றார். இன்ஸ்ட்ரக்டருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதனால் முதல் யோசனை இது: என்ஜினை ஓடவிடாமல், நிறுத்தி வைத்திருக்கும் ஹெலிகாப்டரில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த டிரிக்கரின் பாதிக்கும் முழுதுக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தடையை விரல் தானாக உணரும் வரை அழுத்திப் பழகுங்கள். காசு ஆகாது. ரேடியோப் பெட்டியில் அனுப்பும்போது மட்டும் எரியும் சின்ன அடையாளம் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். முழுதாக அழுத்தியதும் அரை நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள், இல்லையென்றால் முதல் அசை வெட்டுப்பட்டுவிடும். மைக் உதட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இரண்டு விரல் தள்ளி வைத்துவிட்டுக் கத்தினால் ரோட்டர் சத்தம்தான் போகும்.

இந்த விரல் விவகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. விமானம் ஓட்டுபவர்களுக்கு இது இந்த அளவுக்குத் தெரியாது. ஹோவரில் வலது கை சைக்ளிக்கை விடவே முடியாது. இடது கை, ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலில்; இரண்டு கால்களும், மூக்கைத் திருப்பும் பெடலில். சைக்ளிக்கை நகர்த்துகிறோம் என்பதைவிட, நகர்த்த நினைக்கிறோம் என்பது சரி. அத்தனை நுணுக்கம். அந்தக் கையின் விரலால்தான் டிரிக்கரையும் அழுத்த வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், விரலை மட்டும் மடக்காமல் மொத்தக் கையையும் இறுக்கினேன். "டவர்" என்று வாயைத் திறந்த மறுநொடி ஹெலிகாப்டர் ஒரு பக்கமாக நகரும். அதைச் சரிசெய்யப் போவேன், வாக்கியம் நின்றுவிடும். வாக்கியத்தை முடிக்கப் போவேன், மூக்கு திரும்பிவிடும், ஏனென்றால் பேசும்போது கால்களை மறந்துவிடுவேன். ஒருநாள் இன்ஸ்ட்ரக்டர் சொன்னார், "நீ பேசும்போது மூச்சுவிடுவதே இல்லை, கவனித்தாயா?" கவனித்திருக்கவில்லை. அடுத்த முறை கவனித்தேன். உண்மைதான், தண்ணீருக்குள் முங்கினவன் மாதிரி அடக்கிக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் மறைக்க ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். எது சொன்னாலும் 'ரோஜர்'. ரொம்ப வசதியான சொல், ஒரே மூச்சில் முடிந்துவிடும். ரோஜர் என்றால் 'நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது' என்று மட்டும்தான் அர்த்தம். புரிந்தது என்றோ, செய்கிறேன் என்றோ பொருள் இல்லை. செய்கிறேன் என்றால் 'வில்கோ'. ரன்வே, ஓடுபாதைக்கு முன் நிற்கச் சொல்வது, உயரம், திசை, உயரமானியில் வைக்க வேண்டிய கியூஎன்ஹெச் காற்றழுத்தம், ராடாரில் நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண், புது அலைவரிசை இவற்றுக்கெல்லாம் ரோஜர் செல்லாது. கேட்டதை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும், கடைசியில் கால்சைன், அதாவது ரேடியோவில் நம் ஹெலிகாப்டரின் பெயர். எனக்கு இது தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ரோஜர்தான் வந்தது.

அந்த வண்டவாளம் ஒரு காலையில் தண்டவாளம் ஏறியது. ஹோவரிலேயே மெல்ல நகர்ந்து புறப்படும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ரன்வேக்கு முன்னால் நிற்கச் சொல்லி டவர் உத்தரவு. நான் ரோஜர். நிற்கச் சொன்னதைத் திருப்பிச் சொல் என்ற பொருளில் "ரீட் பேக் ஹோல்ட் ஷார்ட்" என்று கண்ட்ரோலர் உடனே கேட்டார், அவர் வேலை அது. அவ்வளவுதான், என் தலை காலியாகிவிட்டது. எந்த ரன்வே என்றார்? என் கால்சைன் என்ன? ரன்வே எண்ணைத் தேடிக்கொண்டு கண் பேனலுக்குப் போனது. கண் உள்ளே போனதும் கை சும்மா இருக்குமா, ஹெலிகாப்டர் மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தது. கோட்டைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு முன் இடது பக்கத்திலிருந்து "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று குரல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து நொடியில் ஒரு சிறு விமானம் எங்கள் முன்னால் சர்ரென்று தரையிறங்கிப் போனது. இன்ஸ்ட்ரக்டர் திட்டவில்லை. ஹெலிகாப்டரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, ரேடியோ சரியாகும் வரை தனியாகப் பறப்பது பற்றிப் பேச வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு எனக்கு அழுகையும் ஆத்திரமும். பயிற்சியையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதன்பின் செய்ததுதான் முட்டாள்தனம்: இன்னும் கூடுதலாகப் பறந்தால் சரியாகிவிடும் என்று மணி மணியாக ஏறிப் பறந்தேன். அந்த 11 மணியில் பெரும்பாதி இப்படிப் போனதுதான். பறக்கும்போது மூளையில் மிச்சமிருந்த இடமே கொஞ்சம். அந்தக் கொஞ்ச இடத்தில் ஒரு புதுப் பாடத்தைத் திணிக்கப் பார்த்தேன். எத்தனை மணி பறந்தாலும் அது நுழையாது. ஹெலிகாப்டர் ஓட்டுவதற்கான இடம், பேசுவதற்கான பள்ளிக்கூடம் அல்ல.

திருப்பம் வந்தது டவரில். என் நிலையைப் பார்த்து, ஒருநாள் மேலே ஏறிப்போய் கண்ட்ரோலர் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்று இன்ஸ்ட்ரக்டர் ஏற்பாடு செய்தார். ஒரு மணி நேரம் பார்த்தேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஏறக்குறைய இருபது வாக்கியம்தான். எண்களும் பெயர்களும் மட்டும் மாறின. இரண்டாவது, யாராவது "சே அகைன்" என்றால் அவருக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்தது, வேகமாகவும் கெத்தாகவும் தப்பாகத் திருப்பிச் சொன்ன ஒருவர்மேல். "மெதுவாகப் பேசுபவனால் எனக்கு அஞ்சு நொடிதான் போகும்" என்றார். உங்கள் ஊர் டவரில் அனுமதி கிடைக்கும் என்றால் முதல் வாரமே போய்விடுங்கள். அந்தக் குரலுக்கு ஒரு முகம் கிடைத்த பிறகு என் பயத்தில் பாதி காணாமல் போனது.

வீட்டுக்கு வந்து அந்த இருபது வாக்கியங்களையும் எழுதினேன், மாறும் இடங்களைக் கோடிட்டு வெற்றாக விட்டு. எப்போது எது வரும் என்று வரிசைப்படுத்தினேன். கிளம்புமுன் இது, நகரும்போது இது, சுற்றில் இது. டவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அடுத்து வரக்கூடிய வாக்கியம் என் காதில் காத்திருக்க வேண்டும், நான் பிடிக்க வேண்டியது அந்த ஒன்றிரண்டு எண்களை மட்டும் என்று ஆக்கிக்கொண்டேன். இதைவிட உதவிய ஒரு வேலையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையில் ஓர் அடிஸ்கேலை நீட்டிப் பிடித்து, அதன் நுனியில் ஒரு நாணயத்தை வைப்பேன். பதிவு செய்து வைத்த உத்தரவுகளை ஒலிக்கவிட்டு, நாணயம் விழாமல் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் கால்சைன் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாணயம் விழுந்தது. சரியாக என் கை எங்கே இறுகுகிறது என்று அந்த 'டிங்' சத்தம் காட்டிக்கொடுத்தது. பத்து நாளில் விழுவது நின்றது. மறுபடி ஹெலிகாப்டரில் ஏறியபோது, பேசிக்கொண்டே ஹோவரில் நின்றேன். இன்ஸ்ட்ரக்டர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

எழுதிக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். விமான மாணவர்கள் தொடையில் கட்டிய பலகையில் கிறுக்கிக்கொள்வதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். ஹோவரில் எந்தக் கையால் எழுதுவது? வலது கை சைக்ளிக்கை விட முடியாது, நானோ வலது கைக்காரன். நீளமான உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்தால், முதலில் ஸ்கிட் எனும் இறங்குகால்களைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டு வாங்குங்கள். தரையை விட்டுக் கிளம்பிய பின் வந்தால் "ஸ்டாண்ட் பை" சொல்லுங்கள். போகும் வழியின் அலைவரிசைகளை, முடிந்தால் என்ஜின் போடும் முன்பே காத்திருப்புப் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். வானத்தில் மாற்ற நேர்ந்தால், கலெக்டிவ் தானாக நகராமல் பிடிக்கும் ஃபிரிக்‌ஷனைக் கொஞ்சம் இறுக்கி, இடது கையால், சீராகப் பறக்கும்போது மட்டும். மாற்றியபின் பதில் வரவில்லை என்றால் பதறுமுன் சத்தக் குமிழைப் பாருங்கள். நான் ஒருமுறை ஒலியைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு, டவர் என்னை ஒதுக்குகிறது என்று பத்து நிமிடம் மனம் நொந்திருக்கிறேன். உண்மையிலேயே ரேடியோ போய்விட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7600. அப்புறம் டவரின் விளக்கைப் பார்க்க வேண்டும். தரையிறங்க வரும்போது அசையாத பச்சை என்றால் இறங்கலாம், அசையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. எனக்கு இது தேவைப்பட்டதில்லை.

இவ்வளவு கறாரான சொற்கள் எதற்கு என்று நானும் எரிச்சல்பட்டவன்தான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்ததைப் படித்தபின் எரிச்சல் போய்விட்டது. பனிமூட்டத்தில் ஒரே ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்று புறப்பட ஓடத் தொடங்கிவிட்டது. காத்திரு என்று டவர் சொன்னதும், இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று மற்ற விமானம் சொன்னதும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பானதால், ஓடிக்கொண்டிருந்த விமானத்துக்குக் கேட்டது பெரும்பாலும் ஒரு கிறீச் சத்தம். 583 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று இறுக்கினார்கள், மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'தான். இன்னொன்று 1989 பிப்ரவரியில். கோலாலம்பூரில் இறங்க வந்த ஒரு சரக்கு ஜம்போவுக்கு 2400 அடிக்கு இறங்கு என்ற பொருளில் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று உத்தரவு. அந்த 'டூ'வை 'வரை' என்ற பொருள்படும் 'டு' என்று எடுத்துக்கொண்டு 400 அடிக்கு இறங்கினார்கள். திருப்பிச் சொன்னதும் 400 என்றுதான், அது திருத்தப்படவில்லை. மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள். இதைப் படித்ததிலிருந்து உயரம் சொல்லும்போது என் நாக்கு ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது. பேசுமுன் காதைக் கொடுங்கள், யாராவது பேசிக்கொண்டிருந்தால் அமுக்காதீர்கள். அலைவரிசை வெகுநேரம் அசாதாரண அமைதியில் இருந்தால் உங்கள் டிரிக்கர் சிக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் ஒரு முரணும் உண்டு. இத்தனையும் முக்கியம் என்றாலும், வரிசையில் ரேடியோ கடைசி. முதலில் ஓட்டு, பிறகு எங்கே போகிறோம் என்று பார், அப்புறம் பேசு. சின்ன ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றால் கலெக்டிவை இறக்கக் கிடைப்பது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. ரோட்டர் வேகம் போய்விட்டால் திரும்ப வராது. அந்த நொடியில் 'மேடே' என்று ஆபத்து அழைப்பு சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குப் பதில் சொல்ல டவர் இருக்கும், நாம் இருக்க மாட்டோம். ரேடியோவைச் சரிசெய்ய மூன்று மாதம் போராடியவனுக்கு, அதை உதறவும் தெரிய வேண்டும் என்று புரியக் கடைசி நாள் வரை ஆனது.

அந்த நாள் வந்தபோது இன்ஸ்ட்ரக்டர் இறங்கி, இடது இருக்கை பெல்ட்டைக் கட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். கால்சைனுக்கு முன்னால் 'ஸ்டூடென்ட்' என்று சேர்த்துச் சொல்லியிருந்தேன். வெட்கமாக இருக்கும், ஆனாலும் பல இடங்களில் இதற்கு வழக்கம் உண்டு, சொல்லிவிடுங்கள், குரல்கள் உடனே நிதானமாகிவிடும். கலெக்டிவைத் தூக்கினேன். ஓர் ஆள் எடை குறைந்ததால் நினைத்ததற்கு முன்பே எழும்பியது. ஹெலிகாப்டர் காற்றில் தொங்கும் சாய்வும் மாறிவிட்டது, சைக்ளிக்கை வழக்கத்தைவிட முன்னால் பிடிக்க வேண்டியிருந்தது. இதை முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் உடம்பு திடுக்கிட்டது. சரியாக அந்த நேரத்தில் டவர் கூப்பிட்டது. காதில் விழுந்தது, புரிந்தும் விட்டது, பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ஹெலிகாப்டர் இன்னும் நிலைக்கு வரவில்லை. பேசவில்லை. டவர் மறுபடி கூப்பிட்டது. மூச்சை விட்டு, விரலை மட்டும் மடக்கி, "ஸ்டாண்ட் பை" என்றேன்.

"நோ ரஷ். ரிப்போர்ட் ரெடி" என்றார் கண்ட்ரோலர். ஹெலிகாப்டர் அசையாமல் நின்ற பிறகு, நாலு வரியையும் சொன்னேன்.